பெரியவர்களின் கையெழுத்து செல்லும் காலத்திலேயே செய்ய வேண்டியவை



காலையில் கடை திறந்ததும் தராசைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கல்லாவில் உட்காருகிறோம். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் போடுகிறோம். குடோனுக்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம். ஆனால் கடையைத் தொடங்கி வைத்த பெரியவரின் ஞாபகம் ஒரு நாள் தேய்ந்து போனால், அவர் பெயரில் இருக்கும் கடையும் கணக்கும் கட்டடமும் என்ன ஆகும் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? நாங்கள் யோசிக்கவில்லை. அதனால் பட்ட சிரமத்தையும், பிறகு வழக்கறிஞர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சட்ட விவரங்களையும் இங்கே எழுதுகிறோம். எங்கள் தவறு மற்றவர்களுக்குப் பாடமாக அமைந்தால் போதும்.

எங்கள் கடையில் நடந்தது

திருத்தணியில் எங்கள் தகப்பனார் தொடங்கியது பருப்பு, வெல்லம், புளி மொத்த வியாபாரம். அவரை நாங்கள் 'நைனா' என்றுதான் அழைப்போம். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேரும் வரை இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் தெலுங்குப் பள்ளியில் படித்தவர் ஆகையால், கடைசி வரை தெலுங்கில்தான் கையெழுத்துப் போடுவார். கடை, சி.சி. லிமிட், குடோன் எல்லாம் அவர் ஒருவர் பெயரில் இருந்தன. 2012இல் அவர் நல்ல தெளிவோடு இருந்தபோதே எங்களுக்குப் பொது அதிகார ஆவணம், அதாவது பவர் பத்திரம், எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். இனி ஒரு குறையும் இல்லை என்று நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

2014 ஆடிக் கிருத்திகை. மலையில் காவடிக் கூட்டம், கடையிலும் கூட்டம். நைனா ஒருவருக்கு மீதிச் சில்லறையை இரண்டு முறை கொடுத்தார். அடுத்த மாதம் ஒரு லாரி வாடகையை இரண்டு தடவை பட்டுவாடா செய்தார். காலமாகிப் பல வருடங்கள் ஆன ஒரு வாடிக்கையாளரைப் பற்றி, "அவர் ஏன் இன்னும் பாக்கி கட்ட வரவில்லை?" என்று கேட்டார். வயதாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டோம். அந்தச் சிரிப்பில் நான்கு வருடம் ஓடிவிட்டது.

2018இல் லிமிட் புதுப்பிக்க வேண்டி வந்தது. வங்கி மேலாளர் வீட்டுக்கே வந்தார். மரியாதையான மனிதர். "ஐயா, இது எதற்கான கையெழுத்து என்று தெரியுமா?" என்று கேட்டார். நைனா, "பருப்பு லாரி வந்துவிட்டதா?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு பேனாவை வாங்கி, ஐம்பது வருடமாகப் போட்ட அதே தெலுங்குக் கையெழுத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் போட்டார். மேலாளர் அந்தத் தாளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு மடித்து எங்களிடமே கொடுத்தார். "கையெழுத்து சரியாக இருக்கிறது. ஆனால் இதை நான் வாங்கிக்கொள்ள முடியாது" என்றார். பவர் பத்திரத்தைக் காட்டினோம். அதுவும் இனி செல்லாது என்று சொன்னார். எங்களுக்குத் தலை சுற்றியது.

இது என்ன நோய்?

மறதி நோயை டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். மூளையில் ரத்த ஓட்டம் குறைவதாலும் வரலாம். 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளது. பத்துப் பதினைந்து முதியவர்களில் ஒருவர் என்றால், நம் கடைத்தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா மறதியும் இந்நோய் அல்ல. தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றைக் குணப்படுத்த முடியும். ஆகவே முதல் வேலை நரம்பியல் டாக்டரிடமோ மனநல டாக்டரிடமோ அழைத்துச் செல்வதுதான். வணிகர் வீட்டில் நோய் முதலில் தெரிவது கல்லாவில். பழகிய கணக்கில் பிழை, ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம், தெரிந்த வழியில் தடுமாற்றம், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பது ஆகியவற்றைக் கண்டால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

பவர் பத்திரம் ஏன் போதாது?

நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு இங்கேதான் இருக்கிறது. பவர் வாங்கியவர் ஒரு முகவர், அவ்வளவுதான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ அந்த முகவர் உறவு முடிந்துவிடுகிறது. அதாவது, எந்தக் காலத்துக்கு உதவும் என்று நினைத்து பவர் வாங்கினோமோ, அந்தக் காலம் வந்ததும் பவர் படுத்துவிடுகிறது. வெயிலில் விரிந்து மழையில் மடங்கும் குடையைப் போன்றது அது.

வேறு சில நாடுகளில் இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1985இலேயே, கொடுத்தவர் புத்தி தடுமாறிய பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்துக்குச் சட்டம் செய்தார்கள். நம்மவர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் 2010 முதல் இந்த ஏற்பாடு உண்டு. நம் நாட்டில் சொத்து விஷயத்துக்கு அப்படிப்பட்ட நீடிக்கும் பவர் இல்லை.

காலம் கடந்துவிட்டால் என்ன வழி?

காலம் கடந்த பிறகு நீதிமன்றம்தான் வழி. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில், மாவட்ட நீதிமன்றம் விசாரித்துச் சொத்தைக் கவனிக்க ஒருவரை நியமிக்கும் வழி இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து, 2018 மே 29 முதல் அமலுக்கு வந்தது. புதிய சட்டத்தில் சிகிச்சை பற்றி முடிவு செய்ய ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். ஆனால் சொத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் காப்பாளர் நியமிக்கும் பகுதி அதில் இல்லை. நாங்கள் வழக்கறிஞரிடம் போனது அந்த வருடமே. "பழைய கதவு மூடிவிட்டது, உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்" என்றார்.

கேரள உயர்நீதிமன்றம் 2019இல், நினைவிழந்து கிடப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிப்பது பற்றி வழிமுறைகளை வகுத்தது. நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் 2024இல் ஒரு வழக்கு வந்தது. கணவர் கோமாவில் கிடந்தார். மருத்துவச் செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் அவர் பெயரில் உள்ள சொத்தை விற்க மனைவி அனுமதி கேட்டார். தனி நீதிபதி, சிவில் நீதிமன்றத்துக்குப் போகும்படி கூறி மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி ஆகியோர் அடங்கிய அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்து, மனைவியைக் காப்பாளராக நியமித்தது. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்தை விற்க அனுமதி கொடுத்து, அதில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது.

இந்தத் தீர்ப்பு ஆறுதலானதுதான். ஆனால் கட்டிய மனைவியே முதலில் ஒரு முறை தோற்று, மேல்முறையீடு செய்து, பிறகுதான் அனுமதி பெற முடிந்தது என்பதைக் கவனியுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் வரம்புக்குட்பட்ட காப்பாளர் என்ற ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் வீட்டு நிலைமைக்கு எது பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல முடியும்.

ஒரு தவறான யோசனை

எங்களுக்கு ஒருவர் சுலபமான வழி சொன்னார். "பெரியவர் தூங்கும்போது கட்டை விரலைப் பிடித்து ரேகை வைத்துவிடுங்கள். யாருக்குத் தெரியும்?" என்றார். பொய் சொல்வானேன், லிமிட் முடியும் தேதி நெருங்க நெருங்க எங்கள் மனமும் தடுமாறத்தான் செய்தது. எங்கள் தாயார் அதைக் கேட்டுவிட்டு, "அவர் ஒருத்தரையும் எடையில் ஏமாற்றியதில்லை. இப்போது அவர் கையை வைத்தே ஏமாற்ற வேண்டாம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், சட்டப்படியும் அது ஆபத்து. புரிந்துகொள்ளும் நிலையில் இல்லாதவரிடம் வாங்கிய பத்திரம் செல்லாது. நாளை ஒரு பங்காளி வழக்குப் போட்டால் பத்திரம் போகும். போலி ஆவணம் என்று கிரிமினல் வழக்கும் வரும்.

நாங்கள் லிமிட்டைக் கட்டி முடித்தோம். வீட்டு நகைகள் போயின. மச்சானிடம் வட்டிக்கு வாங்கினோம். வியாபாரம் பாதியாகக் குறைந்தது. அதைவிட மனதை வருத்தியது வேறொன்று. நைனா தம் வயோதிகத்துக்கென்று சேர்த்த நிரந்தர வைப்பு அவர் ஒருவர் பெயரிலேயே இருந்தது. அவருடைய மருந்துக்கு அவருடைய பணத்தையே எடுக்க முடியவில்லை. 2022இல் அவர் காலமான பிறகுதான், வாரிசுச் சான்றிதழ் வைத்து அந்தப் பணம் கைக்கு வந்தது. அப்போது அது யாருக்கு வேண்டும்?

தெளிவு இருக்கும்போதே செய்ய வேண்டியவை

மறதி நோய் என்று டாக்டர் சொன்ன அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு பார்ப்பது நோயின் பெயரை அல்ல. கையெழுத்திடும் நேரத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, தமக்கு அதனால் நன்மையா தீமையா என்று முடிவு செய்யும் நிலையில் அவர் இருக்கிறாரா என்பதையே பார்க்கிறது. உயிலுக்கும் இது பொருந்தும். இடையில் தெளிவாக இருக்கும் நேரத்தில் எழுதிய உயில் செல்லும். ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட இந்த அவகாசம் இருக்கும். அதை வீணாக்கக் கூடாது.

1. டாக்டர் சான்று: பத்திரம் எழுதும் நாளிலோ அதையொட்டியோ, இன்ன விஷயத்தைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறார் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. பின்னால் வரும் சண்டைக்கு இது நல்ல அணை.

2. உயில்: இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுபவர் சாட்சியாக இருக்க வேண்டாம். நம்மைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். நாளை நீதிமன்றத்தில் உயிலை நிரூபிக்கச் சாட்சி உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்வது நல்லது. வர இயலாத முதியவரின் வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. அதிகப் பங்கு பெறும் மகனே முன்னின்று உயில் எழுத ஏற்பாடு செய்தால் நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். 1958இலேயே உச்சநீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. ஆகவே பெரியவர் வழக்கறிஞரிடம் தனியாகப் பேசட்டும். பூர்வீகச் சொத்தில் தம் பங்கை மட்டுமே அவர் உயில் எழுத முடியும். பெண் பிள்ளைகளுக்கும் அதில் சம பங்கு உண்டு.

3. செட்டில்மெண்ட்: உயில் பெரியவரின் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அவர் நோயோடு வாழும் வருடங்களுக்கு அது உதவாது. கடைக் கட்டடம் போன்ற ஒன்றை உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்க விரும்பினால் செட்டில்மெண்ட் வழி. ஆனால் கொடுத்ததை நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. எனவே ஆயுள் வரை அனுபவிக்கும் பாத்தியத்தைப் பெரியவருக்கும் அவர் மனைவிக்கும் வைத்து எழுதுங்கள். "கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பராமரிக்கத் தவறினால், 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். நம் பகுதிக்குத் திருத்தணி வருவாய் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளாகிய நாமே இந்த நிபந்தனையைப் போடச் சொல்வது நமக்கு அழகு.

4. வங்கி: மருத்துவச் செலவுக்கான வைப்புகளை, இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுப் பெயருக்கு மாற்றுங்கள். முதிர்வுக்கு முன்பே எடுக்கவும் இருவரில் ஒருவர் கையெழுத்துப் போதும் என்று வங்கியில் எழுதிக் கொடுத்து வையுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிப்பவரே, சொத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. மேலும், பெரியவர் உயிரோடு இருக்கும் வரை நாமினிக்கு ஒரு அதிகாரமும் கிடையாது.

5. கடை: தனியுரிமைக் கடை என்றால் ஜி.எஸ்.டி. பதிவு அவருடைய பான் எண்ணில் இருக்கும். கடையைப் பிள்ளை பெயருக்கு மாற்றுவதானால், பிள்ளை புதிதாகப் பதிவு பெற்று, பாக்கியுள்ள உள்ளீட்டு வரியை ஐ.டி.சி. 02 படிவம் மூலம் மாற்றிக்கொள்ளலாம். இதற்குப் பெரியவரின் சம்மதமும் கையெழுத்தும் வேண்டும் என்பதால் தாமதிக்காமல் ஆடிட்டரைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம், கடை வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு ஆகியவை யார் பெயரில் உள்ளன என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. கூட்டு வியாபாரம்: 1932ஆம் ஆண்டு பங்குதாரர் சட்டத்தின் 44ஆவது பிரிவின்படி, ஒரு பங்குதாரர் புத்தி சுவாதீனம் இழந்தால், நிறுவனத்தைக் கலைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அந்த நிலை வராதபடி, அப்படி நேர்ந்தால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, யாரிடம் கொடுப்பது என்று பத்திரத்தில் ஒரு ஷரத்து இப்போதே சேருங்கள்.

7. பழைய பத்திரங்கள்: இது நம் எல்லைப் பகுதிக்கே உரிய விஷயம். 1960க்கு முந்தைய பத்திரங்கள் பல வீடுகளில் தெலுங்கில் இருக்கின்றன. நகரிப் பக்கம் நிலம் உள்ளவர்களும் நம்மில் உண்டு. பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவற்றைத் தமிழில் எழுதி வையுங்கள். கிழக்கே யார் நிலம், எந்தக் கிணற்றில் எத்தனை பங்கு, யாரிடம் கைமாற்று என்பதெல்லாம் பல சமயம் அவர் மனதில் மட்டுமே இருக்கும். எங்கள் குடோனுக்குப் பின்புறச் சந்து யாருக்குச் சொந்தம் என்பது நைனா ஒருவருக்குத்தான் தெரியும். அது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வீட்டில் எப்படிப் பேசுவது?

உயில் என்று வாயெடுத்தாலே, "என்னை அனுப்பப் பார்க்கிறாயா?" என்று பெரியவர்கள் வருந்துவார்கள். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று நம்புவோரும் உண்டு. வற்புறுத்தக் கூடாது. இன்றைக்குப் பத்திரம் என்றும் நாளைக்கு வங்கி என்றும் மெதுவாக, அவருடைய நல்ல நேரம் பார்த்துப் பேச வேண்டும். பலருக்குக் காலை வேளையில் தெளிவு அதிகம் இருக்கும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரையும் வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் செய்தது பின்னால் எல்லோரையும் பிரித்துவிடும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நாம் முதலில் எழுதிவிட வேண்டும். இதைப் படிக்கும் நம்மில் பலருக்கு அறுபது தாண்டிவிட்டது. நைனாவுக்கு வந்தது நமக்கு வராது என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? நாங்கள் சென்ற வருடம் உயில் எழுதிப் பதிவு செய்தோம். கடையைப் பிள்ளையோடு கூட்டு நிறுவனமாக மாற்றினோம். வைப்புகளை வீட்டம்மாவின் பெயரோடு சேர்த்தோம். எல்லாம் முடிந்த அன்று பிள்ளை, "இதெல்லாம் இப்போது எதற்கு அப்பா?" என்று கேட்டான். தாத்தாவின் கையெழுத்து உள்ள அந்தப் பழைய தாளை எடுத்துக் காட்டினோம். மேலாளர் மடித்துக் கொடுத்த மடிப்பு இன்னும் அதில் இருக்கிறது. பிள்ளை அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பணம் கொடுத்து வழக்கறிஞர் வைக்க இயலாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

வருட முடிவில் ஸ்டாக் எடுக்க ஒரு நாள் ஒதுக்குகிறோம். அதேபோல வீட்டுப் பத்திரங்களுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். பெட்டியைத் திறந்து, பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு காகிதமாகக் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.